ஆம்பூர் படிந்தது, வாணியம்பாடி நின்றது

நான் ஓய்வு பெற்ற அன்று, எங்கள் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்யும் ஆர்த்தி தன் லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். நாங்கள் வருஷக்கணக்கில் போராடிய ஒரு புரதத்தின் வடிவம் அது. நாடா போலச் சுருண்டு, வண்ண வண்ணமாக, திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இப்போதெல்லாம் புரதத்தின் அமினோ அமிலங்களைக் குறிக்கும் எழுத்து வரிசையைக் கொடுத்தால் போதும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கணினியே அதன் வடிவத்தை ஊகித்து வரைந்துவிடுகிறது.

"அக்கா, இதுக்கா உங்களுக்கு இவ்ளோ வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இதுல ஒரே ஒரு எழுத்த மாத்திப் போட்டுப் பாரும்மா," என்று சொல்லி, எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதையும் சொன்னேன். மாற்றிப் போட்டாள். கணினி அதையும் வரைந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"இதுவும் நல்லாத்தானேக்கா வருது?"

எழுத்து மாறிய அந்தப் புரதம் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. என் கையால் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டியூபின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்துதான் போனது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'ஆம்பூர்'. ஏன் அந்தப் பெயர் என்று ஆர்த்தி கேட்டாள். சொல்ல ஆரம்பித்து, நடுவில் என்னால் முடியவில்லை. "எழுதிக் குடுங்கக்கா, டிபார்ட்மென்ட் மலர்ல போடலாம்" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பேர்ணாம்பட்டு. அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. நர்ஸிங்கில் இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலூரில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கக் கண்ணாடிச் சாமான் கழுவினேன், உப்புக் கரைசல் கலந்தேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஹேமா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகம் அவருடையது. குள்ளமாக இருப்பார், குரல் ஏறவே ஏறாது. வேலூர் வெயிலிலும் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் அவர் நாற்காலியில் தொங்கும். புரதங்களைக் கெடாமல் வைக்கும் குளிர் அறையான கோல்டு ரூமுக்குள் போவதற்காக வைத்திருந்தது. நாம் ஏதாவது போய்ச் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பாத்தியா, இல்ல நெனைச்சியா?" பார்த்தேன் என்றால் மேலே பேசுவார். நினைத்தேன் என்றால், "சரி, போய்ப் பாத்துட்டு வா" என்று தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பல நாள் எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு மே மாதம் கோல்டு ரூமின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. உள்ளே எங்கள் ஆறு மாத உழைப்பு இருந்தது. மேடமும் நானும் ஆட்டோ பிடித்து, ஜூஸ் கடைகளுக்குப் பார் ஐஸ் போடும் டெப்போவுக்குப் போய், சாக்குப் பையில் ஐஸைச் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் உருகி மேடத்தின் புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது. மெக்கானிக் வந்து மெஷினை ஓட்டும்வரை அவர் அந்த ஈரப் புடவையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டியூப்களுக்கு ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தார். பாதிதான் பிழைத்தது. "பாதி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வேலை என்ன என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உடம்புக்குள் நடக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு நீளமான சங்கிலி. சரியாக மடிந்து ஒரு வடிவத்தில் நின்றால்தான் வேலை செய்யும். அந்த வடிவத்தைப் பார்க்க, முதலில் அந்தப் புரதம் மட்டும், வேறெதுவும் கலக்காமல், நிறைய வேண்டும். அதைச் செய்து, சுத்தம் பண்ணிக் கொடுப்பதுதான் என் வேலை.

மனிதனின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, பெரிய குடுவைகளில் ஷேக்கரில் ஆட்டி வளர்ப்போம். பாக்டீரியா பெருகிக் கலங்கல் சரியான அளவுக்கு வந்ததும் சூட்டைக் குறைத்து, புரதத்தைச் செய்யச் சொல்லி ஒரு மருந்து சேர்ப்போம். மறுநாள் காலை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் பாக்டீரியா அடியில் களிம்பு மாதிரி சேரும். அதை ஐஸில் வைத்துக்கொண்டே உடைக்க வேண்டும். உடைத்து, மறுபடி சுற்றினால், நல்லபடியாக மடிந்த புரதம் மேலே தண்ணீரில் நிற்கும். மடியாதது அடியில் வெள்ளையாகப் படியும். மேலே நிற்பதை எடுத்து, அதைப் பிடித்துக்கொள்ளும் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டு, மற்றதையெல்லாம் கழுவித் தள்ளி, கடைசியில் நமக்கு வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்வோம். பிறகுதான் அதைப் படிகமாக்கும் முயற்சி. படிகம் கிடைத்தால் எக்ஸ்ரே கதிரில் வைத்து வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம். கிடைக்காமலே போனவைதான் அதிகம்.

அந்த ஆம்பூர்ப் புரதம் எங்களிடம் வந்தது ஒரு குழந்தையால்.

பெயர் ரிஃபா. குழந்தைகள் வார்டுக்கு அடிக்கடி வருவாள். சாப்பாட்டில் உள்ள புரதத்தை உடைத்துப் பயன்படுத்தும் வேலையில் ஒரு படி அவள் உடம்பில் சரியாக நடக்கவில்லை. சாதாரணக் காய்ச்சல் வந்தாலே ரத்தத்தில் நஞ்சு சேர்ந்து நினைவு தப்பிவிடும். பருப்பு, முட்டை, பால், கறி எதுவும் கூடாது. அவளுடைய அப்பா ஜமீல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அம்மா ஷபானா வாணியம்பாடிக்காரர். இரண்டு பேரின் ரத்தத்தையும் சோதித்ததில், அந்த ஒரு படிக்கான மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு பிழையும் அம்மாவிடமிருந்து வேறொரு பிழையும் குழந்தைக்கு வந்திருப்பது தெரிந்தது. இரண்டுமே அதுவரை யாரும் விவரமாகப் பார்க்காத பிழைகள். அவை புரதத்தை என்ன செய்கின்றன என்று பார்க்க முடியுமா என்று குழந்தைகள் டாக்டர், ஹேமா மேடத்திடம் கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. அப்பாவின் பிழையோடு இருந்ததை ஆம்பூர் என்றும், அம்மாவுடையதை வாணியம்பாடி என்றும் டியூப் மேல் எழுதிவைத்தோம். வீட்டார் பெயரை எழுதக் கூடாது என்பதற்காக மேடம் சொன்ன ஏற்பாடு அது.

ஜமீல் முதல் தடவை வார்டிலிருந்து மாடியில் இருந்த எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கீழ டாக்டர் சொன்னாரு, இங்கதான் செய்றீங்கன்னு. ஒரு சந்தேகம் மேடம். என் பொண்ணுக்குப் புரோட்டீனே ஆகாதுன்னு கீழ சொல்றாங்க. மேல வந்தா நீங்க அதையே செஞ்சிட்டிருக்கீங்களே?"

மேடம் சிரிக்கவில்லை. அவரை உட்காரவைத்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். கடைசியில், "பாய், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இது மருந்து இல்ல. இதுல இருந்து உங்க பொண்ணுக்கு மருந்து வரும்னு நான் சொல்ல மாட்டேன். எங்க ஒடஞ்சிருக்குன்னு பாக்கறோம், அவ்ளோதான்" என்றார். 

"புரியுது மேடம்," என்றார் அவர். ஆனாலும் மாதா மாதம் செக்கப்புக்கு வரும்போதெல்லாம் மாடியேறி வந்துவிடுவார். வாசலில் நின்று என்னிடம் கேட்பார். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லியும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா சிஸ்டர், எப்டி இருக்கு நம்மது?"

வாணியம்பாடி முதல் தடவையிலேயே கொஞ்சம் மேலே நின்றது. ஆம்பூர் நிற்கவில்லை. சூட்டைக் குறைத்துப் பார்த்தோம். மடிய உதவி செய்யும் வேறு புரதங்களைக் கூடவே வளர்த்துப் பார்த்தோம். உப்பை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் சென்ட்ரிஃப்யூஜின் மூடியைத் திறந்து டியூபை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் அந்த வெள்ளை. கடைசியாக ஒரு வழி இருந்தது. படிந்ததை யூரியாவில் முழுக்கக் கரைத்து, சங்கிலியை நன்றாகப் பிரித்துவிட்டு, பிறகு யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினால் அது தானாகவே சரியாக மடிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அதற்கு ஒரு மெல்லிய சவ்வுப் பையில் ஊற்றி, இரண்டு பக்கமும் கட்டி, பெரிய பீக்கரில் மிதக்கவிடுவோம். டயாலிசிஸ் என்று பெயர்.

அந்த வாரம் ஜமீல் வந்தார். "ஆம்பூர டயாலிசிஸ்ல வச்சிருக்கோம்" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, "கிட்னியும் போய்டுச்சா?" என்றார். அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அந்தப் பையைக் காட்டினேன். கண்ணாடி போலத் தெளிவாக மிதந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது பைக்குள் பால் திரிந்தது மாதிரி இருந்தது. மேடம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கோல்டு ரூமுக்குள் வந்தார். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப விட்டார். "இன்னும் மெதுவா யூரியாவ எறக்கிப் பாப்போம்" என்றார். இன்னும் மெதுவாக இறக்கினோம். அப்போதும் அப்படியேதான் ஆனது.

ஒரு மாதம் ஜமீலுக்கு லீவு கிடைக்காமல் ஷபானா வந்தார், ரிஃபாவோடு. ரிஃபாவுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். மெலிந்த கை, பெரிய கண். ஷேக்கரில் குடுவைகள் சுழல்வதைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இதுங்களுக்குத் தல சுத்தாதா?" என்று கேட்டாள்.

"பழகிடுச்சு," என்றேன்.

"எனக்கு பஸ்ல சுத்தும்," என்று சொல்லிவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷபானா என்னை ஓரமாக அழைத்தார். "அக்கா, ஒண்ணு கேக்கணும். இது என்னாலதானா?"

"யார் சொன்னாங்க?"

"வீட்ல. எங்க சின்னம்மாவுக்கு ஒரு கொழந்த சின்னதுலயே போய்டுச்சு. அதத் தெரிஞ்சிக்கிட்டு, உங்க வூட்டு நோய எங்க வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன்னு மாமியார் சொல்றாங்க. நாத்தனார் கல்யாணத்துல என் கையால யாருக்கும் எதுவும் பரிமாற வேணாம்னுட்டாங்க."

"அவரு இன்னா சொல்றாரு?"

ஷபானா குழந்தையைப் பார்த்தார். "ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான் பேஜாரா இருக்கு."

ரெண்டு பேரிடமிருந்தும் வந்ததுதான், டாக்டர் அதை அன்றே சொன்னாரே என்றேன். "டாக்டர் சொன்னாரு. நானும் சொன்னேன். யாரும் கேக்கலக்கா" என்றார். அதை அப்படியே போய் மேடத்திடம் சொன்னேன். மேடம் அன்று மதியம் சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் வாணியம்பாடி படிகமானது. மைக்ரோஸ்கோப்பின் கீழே, ஒரு சொட்டுக்குள், ஊசி ஊசியாக. மேடத்தைக் கூப்பிடக் கீழே ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஜமீல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து நேராக வந்தவர் போல, சட்டைப் பையில் ஐடி கார்டு தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"இன்னிக்கு அதக் கேக்க வரல சிஸ்டர்," என்றார்.

வைரல் காய்ச்சல். இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்து ரிஃபா போய்விட்டாள். படிகம் வந்த விஷயத்தை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடம்கூட மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் தானாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் ஜமீல் வீட்டில் ஷபானாவைக் கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று வாணியம்பாடிக்கு அனுப்பிவிட்டார்கள். கூட்டிவரப் பேச்சே எடுக்கவில்லை. இதையெல்லாம் ஜமீல்தான் சொன்னார். பல மாதம் கழித்து ஒரு நாள் மாடியேறி வந்திருந்தார். தாடி நரைத்திருந்தது.

"முடிஞ்சிடுச்சா மேடம்?"

"வேலை முடிஞ்சுது பாய். ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன். உங்க வைஃபும் வரணும். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தாதான் சொல்லுவேன்." குழந்தைகள் டாக்டரோடும் பேசித்தான் மேடம் அப்படி முடிவெடுத்திருந்தார்.

ஜமீல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாணியம்பாடிக்குப் போய் என்ன பேசினார் என்று தெரியாது. சில வாரங்களில் இருவரும் வந்தார்கள். ஷபானா கறுப்பு புர்காவில், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

மேடம் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. இரண்டு டியூப்களை ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். மேஜைமேல் வைத்தேன். ஒன்று தெளிவாக இருந்தது. மற்றதன் அடியில் வெள்ளை.

"இது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்ல, ஆராய்ச்சில நாங்க பாத்தது," என்று ஆரம்பித்தார் மேடம். "இந்தத் தெளிவா இருக்கறது அம்மாகிட்டேருந்து வந்தது. கொஞ்சம் தொளதொளப்பா இருக்கு, ஆனா மடிஞ்சு நிக்குது. வேலையும் கொஞ்சம் செய்யுது. இந்த அடியில படிஞ்சிருக்கறது அப்பாகிட்டேருந்து வந்தது. இது நிக்கவே இல்ல. நாங்க எவ்வளவோ பண்ணிப் பாத்தோம். ஆனா நல்லாக் கேட்டுக்கோங்க. ஒண்ணு மட்டும் வந்திருந்தா ரிஃபாவுக்கு நோயே இருந்திருக்காது. ரெண்டும் சேர்ந்ததாலதான். யாரும் தெரிஞ்சு குடுக்கல. இதுல தப்பு யார் பேர்லயும் இல்ல."

ஜமீல் அந்த டியூபைக் கையில் எடுத்தார். தோலைப் பார்ப்பவர்கள் விரலால் தடவிப் பார்ப்பார்களே, அதுபோலப் பெருவிரலால் டியூபின் அடியைத் தடவினார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"ஷபானா, மோசமானது என்னோடதுதான். நான் இன்னிக்கே அம்மாகிட்ட சொல்றேன். எல்லாரையும் உக்கார வச்சு சொல்றேன். நீ வூட்டுக்கு வந்துடு."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரிடம் அதிகம் யாரிடம் கம்மி என்று எடைபோட்டுவிடுவார்களோ என்றுதான் அவர் பயந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஷபானா அதற்குள் பேசிவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"டாக்டர் சொன்னதுலேருந்து நான் சொல்லிட்டிருந்தேன், என்னால மட்டும் இல்லன்னு. அழுது சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன். நீங்க செவுத்தப் பாத்து உக்காந்திருந்தீங்க. இப்போ இந்த டியூப் சொல்லுதுன்னு நம்புறீங்க. நான் சொன்னப்போ நம்பல."

ஜமீல் டியூபைத் திரும்ப ஐஸில் வைத்தார், மிகவும் ஜாக்கிரதையாக. ஷபானா எழுந்து, மேடத்தின் கையைத் தொட்டு, "சொன்னதுக்கு நன்றி மேடம்" என்றார். படியில் அவர் முன்னால் இறங்கினார். ஜமீல் பின்னால் போனார். வெளியே கேட் அருகில், ஷபானா வாணியம்பாடிக்குப் பஸ் பிடிக்கத் தனியாகப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மேடம் வெகு நேரம் அந்த இரண்டு டியூப்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சொல்லியிருக்கக் கூடாதோ கிரேஸ்?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே யோசனை அது. நான், "தெரிஞ்சிக்கறது அவங்க உரிமை மேடம்" என்றேன். பிறகு எங்கள் கட்டுரை வெளிவந்தது. வாணியம்பாடியின் வடிவம் அதில் இருந்தது. ஆம்பூரைப் பற்றி, மடியவில்லை என்று ஒரு வரி மட்டும். இரண்டு வருஷம் கழித்து மேடம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். போன இடத்தில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வாணியம்பாடிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், "அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஷபானா. முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. தோளில் ஒரு பெரிய பை. நாட்றம்பள்ளியில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சராக இருப்பதாகச் சொன்னார். ஸ்கூலில் மாலை விழாவாம், அதற்குப் போய்க்கொண்டிருந்தார். மேடம் இறந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உதடு அசைய ஏதோ ஓதினார்.

"ஜமீல் எப்படியிருக்காரு?" என்று கேட்டேன்.

"இருக்காரு. வேற கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி வீட்ல எவ்ளோவோ சொன்னாங்க, பண்ணிக்கல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றாரு. எங்கம்மா டீ குடுப்பாங்க. குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போய்டுவாரு. சொன்ன மாதிரி எல்லாரையும் உக்கார வச்சு சொல்லியிருக்காரு. மாமியாரே ஒரு தபா வந்து கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாக்கா. நானும் அழுதேன். டீ போட்டுக் குடுத்தேன். போய்ட்டாங்க."

நாட்றம்பள்ளி பஸ் வந்து நின்றது. கூட்டம் இறங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். ஷபானா பையை இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ரிஃபா போனதுக்கு எனக்கு யார் மேலயும் கோவம் இல்லக்கா. அவ இருந்தப்போ, காய்ச்சல் வந்தா வாந்தியெடுத்துட்டே இருப்பா. நான் ஒருத்தியாவே மடியில போட்டுட்டு உக்காந்திருப்பேன். வீட்ல மத்தவங்க கதவத் தெறந்து பாத்துட்டுப் போய்டுவாங்க. யாராச்சும் வந்து பக்கத்துல உக்காந்திருக்கலாம். அவ்ளோதான்."

அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் இருந்தார். என் பஸ் எதிர்ப் பக்கம் ஆம்பூர் போர்டோடு கிளம்பத் தயாராக நின்றது. நான் நாட்றம்பள்ளி பஸ்ஸில் ஏறி ஷபானாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பிய பிறகுதான் இறங்கினேன்.